அதை எழுப்பிவிடுவது யார்?

2003ஆம் ஆண்டின் நடுவில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்த சிலருக்கு வினோதமான தொல்லை ஒன்று வந்தது. விசையைத் தட்டினால் எழுத்து உடனே திரையில் விழவில்லை. ஒரு வரி தட்டிவிட்டுக் காத்திருந்தால், எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேர்ந்தன. கீபோர்டை மாற்றினாலும் சரியாகவில்லை. மெமரி போதாது என்று சிலர் நினைத்தார்கள். ஆன்டிவைரஸை ஓட்டினால், கணினி சுத்தமாக இருக்கிறது என்று அது சொல்லிவிட்டது.

காரணம் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் இருந்தது. பார்வை மங்கியவர்கள் எந்த வலைப்பக்கத்தைத் திறந்தாலும், எழுத்து பெரிதாகவும் தங்களுக்கு ஏற்ற நிறத்திலும் தெரியும்படி ஒரு ஸ்டைல் ஷீட் கோப்பை அமைத்துக்கொள்ளும் வசதி அந்த பிரவுசரில் உண்டு. அந்த இடத்தில் யாரோ தங்கள் கோப்பைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஸ்டைல் ஷீட் என்பது எழுத்தின் அளவையும் நிறத்தையும் மட்டுமே சொல்ல வேண்டியது. ஆனால் எக்ஸ்ப்ளோரரில் இருந்த ஒரு ஓட்டையால் அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும் நுழைத்து ஓட வைக்க முடிந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த நிரலும் கூடவே ஓடியது. அதன் சுமையில்தான் எழுத்துகள் திணறின. அமைப்பில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

கூல்வெப்சர்ச் என்ற பெயரில் அடுத்த இரண்டு ஆண்டுகள் உலகெங்கும் வீட்டுக் கணினிகளை ஆட்டிவைத்த கள்ள நிரல் கூட்டத்தின் முதல் வடிவம் இதுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த மெரெய்ன் பெல்லகோம் என்ற மாணவர் இதைப் பின்தொடர்ந்தார். ஒரு வடிவத்துக்கு மருந்து எழுதினால் சில வாரங்களில் வேறொன்று வந்து நிற்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, அது என்ன செய்கிறது, எங்கே ஒளிகிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டே வந்தார். சிடபிள்யூ ஷ்ரெடர் என்று இதற்கென்றே ஒரு கருவியும் எழுதினார். ஆனால் அவருடைய இன்னொரு கருவியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஹைஜாக்திஸ் என்று பெயர். மிகச் சிறிய நிரல். அதற்கு எந்த வைரஸின் பெயரும் தெரியாது. எது நல்லது, எது கெட்டது என்று அது தீர்ப்பும் சொல்லாது. விண்டோஸில் எந்தெந்த இடங்களில் மாட்டிக்கொண்டால் ஒரு நிரல் தானாக எழ முடியுமோ, அந்த இடங்களை எல்லாம் சுற்றிப் பார்த்து, இங்கே இது இருக்கிறது, அங்கே அது இருக்கிறது என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு, எதற்கு டிக் போட்டு நீக்குவது என்பதை நம்மிடமே விட்டுவிடும்.

அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்யும் வேலை முழுவதும் அந்தப் பட்டியலுக்குள் அடங்கியிருக்கிறது. வன்தட்டில் கிடக்கும் நிரல் என்பது வெறும் கோப்பு. அது தானாக ஒன்றும் செய்யாது. கணினியை அணைத்துப் போட்டதும் அது செத்ததற்குச் சமம். மறுநாள் காலையில் அதை எழுப்பிவிட யாராவது வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் விண்டோஸேதான். கள்ள நிரல்களின் கோப்புப் பெயர்கள் நாள்தோறும் மாறும், எண்ணி முடியாது. அவை எழும் வாசல்களை எண்ணிவிடலாம். ஆகவே ஆளைத் தேடுவதை விட வாசலில் நிற்பது லாபம்.

விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரன் என்றொரு சாவி இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும், நாம் உள்ளே நுழைந்தவுடன் விண்டோஸ் ஓட்டிவிடும். உங்கள் பிரிண்டர் மென்பொருளும் அங்கேதான் இருக்கும், உளவு பார்க்கும் ஸ்பைவேரும் அங்கேதான் இருக்கும். ஸ்டார்ட்அப் ஃபோல்டர் இன்னொன்று. யாரும் லாகின் செய்வதற்கு முன்பே எழுந்துவிடும் சர்வீஸ்கள் உண்டு. குறிப்பிட்ட நேரத்தில் வேலையைத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலர் உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் பிரவுசர் ஹெல்ப்பர் ஆப்ஜெக்ட் என்ற வாசல் மிகப் பிரபலம். 1997இல், நான்காம் பதிப்போடு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வசதி அது. பிரவுசர் திறக்கும்போதெல்லாம் வெளியார் எழுதிய ஒரு நிரல் துண்டும் அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். பிடிஎஃப் கோப்பைப் பிரவுசரிலேயே காட்டுவது போன்ற நல்ல காரியங்களுக்காகத் திறந்துவைத்த வாசல். நாம் பார்க்கும் ஒவ்வொரு முகவரியும் அதன் கண்ணில் படும் என்பதை உளவு வேலைக்காரர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

இந்த நிரல்களில் பல, பிரவுசரின் முகப்புப் பக்கத்தைத் தங்கள் தேடுபொறிக்குக் கடத்திவிடும். இவ்வளவு மெனக்கெட்டு ஒரு வீட்டுக் கணினியின் முகப்புப் பக்கத்தைப் பிடித்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. தேடுபொறியில் நாம் ஒரு சொல்லைத் தேடி, வரும் விளம்பரத்தைச் சொடுக்கினால், ஆளை அனுப்பியவருக்குக் காசு. ஒரு சொடுக்குக்கு அற்பத் தொகைதான். லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து ஆளை அனுப்பினால்? இஸ்ரேலிய நிறுவனமான செக் பாயின்ட் 2017இல் ஃபயர்பால் என்ற பிரவுசர் கடத்தியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சீனத் தலைநகரில் இயங்கிய ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் இலவச மென்பொருள்களோடு சேர்த்துப் பரப்பியது அது. உலகில் 25 கோடிக் கணினிகள், இந்தியாவில் மட்டும் 2.53 கோடி என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது, மறுத்ததில் நியாயமும் இருந்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும், இலவசமாகக் கொடுத்த மென்பொருளின் விலை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

இன்ஸ்டால் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகிறோமே, அதில் ஏதோ ஒரு கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள். நீண்ட ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு வரி இருக்கும். அதைக் காட்டித்தான் அந்நிறுவனங்கள் அன்று தப்பித்தன. பயனர் சம்மதித்தார், நாங்கள் வைரஸ் இல்லை என்று வழக்கறிஞர் கடிதம் அனுப்புவார்கள். ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் வம்பு எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டன. ஆன்டிவைரஸ் இருந்தும் ஒன்றும் சொல்லவில்லையே என்ற குறைக்கு முக்கியக் காரணம் இதுதான், நுட்பம் போதாமை அல்ல. 2000இல் ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க நிரலாளர் தம் கணினியில் விளம்பர மென்பொருள் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு ஆப்ட்அவுட் என்ற நீக்கியை எழுதினார். ஆட்-அவேர், ஸ்பைபாட் போன்ற நீக்கிகள் தனித்துறையாகவே வளர்ந்தன. அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி பிறகுதான் விழித்துக்கொண்டது. 2006இல் சாங்கோ நிறுவனம் 30 லட்சம் டாலரும், அடுத்த ஆண்டு டைரக்ட் ரெவென்யூ 15 லட்சம் டாலரும் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. இன்றைய விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதிக்குள் போனால், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் அமைப்பு ஒன்று தனியாக இருக்கிறது. அது ஏன் வைரஸ் தடுப்போடு சேராமல் தனியே நிற்கிறது என்றால், இந்தப் பழைய வழக்கின் மிச்சம் அது. அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

சரி, கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அழித்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது. பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடும். டாஸ்க் மேனேஜரில் போய் அதை நிறுத்தினால், இரண்டு நொடியில் மறுபடி வந்து நிற்கும். ஏனென்றால் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டிருக்கும். ஒன்று விழுந்தால் மற்றது தூக்கி நிறுத்தும். ரெஜிஸ்ட்ரியில் அதன் வரியை அழித்தாலும், மூச்சு விடுவதற்குள் அதே வரியை மீண்டும் எழுதிவிடும். கூல்வெப்சர்ச்சின் வடிவங்களில் ஸ்மார்ட்கில்லர் என்று ஒன்று இருந்தது. நீக்கும் கருவியைத் திறந்தாலே அந்தச் சன்னலை மூடிவிடும். பெல்லகோம் தம் சொந்தக் கருவி திறப்பதற்காகவே, அதற்கு முன்னே ஓட இன்னொரு குட்டிக் கருவியை எழுத வேண்டி வந்தது.

சேஃப் மோடில் போய்ச் சுத்தம் செய்யுங்கள் என்று கணினிக் கடைக்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாதவற்றை மட்டும் எழுப்பும். ரன் சாவியைக் கண்டுகொள்ளாது. எழுப்ப ஆள் இல்லாததால் இரட்டையர் இருவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், கோப்பு பூட்டியிருக்காது. இன்னும் பாதுகாப்பான வழி, வன்தட்டில் உள்ள விண்டோஸையே எழுப்பாமல் வெளியிலிருந்து தேடுவது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் அதைத்தான் செய்கிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்து, மீட்புச் சூழலில் நின்றுகொண்டு வன்தட்டைத் துழாவும். கால் மணி நேரம் போல ஆகும். இவ்வளவு நல்ல கருவி கூடவே வருகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. கள்ள நிரல் ஓடாத நேரத்தில் தேடுவதால் அது கண்ணில் மண் தூவ வழியில்லை.

நீக்குகிறவரின் அவசரமும் அன்றைக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது. ஹைஜாக்திஸ் கொடுத்த பட்டியலில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும் என்பதை மறந்து, எல்லாவற்றுக்கும் டிக் போட்டு நீக்கியவர்கள் உண்டு. வின்சாக் என்ற அடுக்கில் சில ஸ்பைவேர்கள் தங்களை ஒரு கண்ணியாகக் கோத்துக்கொண்டிருந்தன. இணையத்துக்குப் போகும் ஒவ்வொரு தகவலும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகக் கைமாறி வெளியேறும். இடையில் உள்ள கோப்பை மட்டும் அழித்தால் சங்கிலி அறுந்து இணையமே நின்றுவிடும். மருந்தைத் தேடிப் போக இணையமும் இருக்காது. விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் 2004இல் வந்தபோது, வின்சாக்கைப் பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளை அதில் சேர்ந்தது. இன்றும் அது வேலை செய்கிறது. சுத்தம் செய்த பிறகு இணையம் வரவில்லை என்றால் முதலில் ஓட்ட வேண்டியது அதைத்தான்.

கோப்பு போன பிறகும் நீடிக்கும் கடத்தல்களும் உண்டு. எஸ்டோனியாவிலிருந்து ரோவ் டிஜிட்டல் என்ற பெயரில் இயங்கிய ஒரு கூட்டம், கணினியின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றியது. நாம் தட்டும் இணைய முகவரியை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சர்வர். அந்த சர்வர் அவர்களுடையது என்றால், வங்கியின் பெயரைத் தட்டினாலும் எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் விளம்பர மோசடியாலேயே 1.4 கோடி டாலர் சம்பாதித்தார்கள். 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ அவர்களை மடக்கியபோது சுமார் 40 லட்சம் கணினிகள் அந்த சர்வர்களை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. சர்வர்களைப் பிடுங்கிப் போட்டால் அத்தனை பேருக்கும் இணையம் அறுந்துபோகும். ஆகவே நீதிமன்ற அனுமதியோடு, குற்றவாளிகளின் சர்வர்களுக்குப் பதிலாக அதே எண்களில் ஒழுங்கான சர்வர்களை இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்ட்டியம் என்ற அமைப்பு நடத்தியது. 2012 ஜூலை 9 வரை, எட்டு மாதங்கள். அத்தனை காலம் கொடுத்தும் அந்த எண்களைத் திருத்தாத கணினிகள் இருந்தன. ஸ்பைவேர் கோப்பை ஆன்டிவைரஸ் என்றோ அழித்திருக்கும். அது விட்டுச்சென்ற எண் மட்டும் அப்படியே இருந்தது. சில வீடுகளில் அந்த எண் கணினியிலும் இல்லை, வைஃபை ரூட்டரில் இருந்தது.

இதே பாடம் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. 2014இன் பிற்பகுதியில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைக் கடைக்கு வரும் முன்பே ஏற்றிவிட்டிருந்தார்கள். பூட்டுக்குறியோடு வரும் பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரத்தை நுழைக்க வேண்டும் என்பதற்காக, அது விண்டோஸின் நம்பகச் சான்றிதழ்களின் கிடங்கில் தன்னுடைய மூலச் சான்றிதழையும் வைத்துவிட்டது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சான்றிதழ், ஒரே ரகசியச் சாவி. ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2015 பிப்ரவரியில் அதன் கடவுச்சொல்லை உடைத்துக் காட்டினார். அந்தக் கருவியைச் செய்து கொடுத்த கொமோடியா என்ற நிறுவனத்தின் பெயரேதான் கடவுச்சொல். இதில் நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்று உண்டு. அந்த மென்பொருளை முறையாக அன்இன்ஸ்டால் செய்த பிறகும் சான்றிதழ் கிடங்கிலேயே கிடந்தது. நிரல் போனாலும், யாரோ ஒருவர் போலி வங்கிப் பக்கத்தைக் காட்டினால் கணினி நம்பிவிடும் நிலை தொடர்ந்தது. லெனோவோ அதை நீக்கத் தனியே ஒரு கருவி வெளியிட்டது.

இன்றைக்கு வீடுகளில் இது எப்படி வருகிறது? எங்கள் தெருவில் தையல் வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர், பிளவுஸ் டிசைன் தேடுவதற்காக ஒரு கணினி வைத்திருக்கிறார். "தம்பி, செட்டிங்ஸ்ல போய் கூகுள்னு மாத்தி வச்சேன். பிரவுசரை மூடித் திறந்தா மறுபடியும் அந்தப் பக்கமே வருது" என்றார். குரோமின் அமைப்புகளில் பார்த்தால் முகப்புப் பக்கம் ஒழுங்காகக் கூகுள் என்றுதான் இருந்தது. திரையில் இருந்த குரோம் குறிப்படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தேன். டார்கெட் என்ற கட்டத்தில் குரோம் நிரலின் பாதை தெரிந்தது. கட்டம் சிறியது, அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் சொடுக்கி எண்ட் விசையை அழுத்தியதும் வரி நகர்ந்தது. மேற்கோள் குறி முடிந்து, ஓர் இடைவெளி விட்டு, ஏதோ ஒரு தேடுபொறியின் முகவரி. குரோம் தானாக அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை. அந்தப் பக்கத்தைத் திற என்று அக்காதான் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தார், தனக்குத் தெரியாமலே. மேற்கோள் குறிக்குப் பின்னால் இருந்ததை அழித்தேன். "இவ்வளவுதானா?" என்றார். அவ்வளவில்லை. அந்த முகவரியை அங்கே எழுதியது யார் என்று தெரியாதவரை அது மறுபடி எழுதப்படும். டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தபோது, ஏதோ அப்டேட்டர் போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு வேலை இருந்தது. லாகின் செய்யும்போதெல்லாம் ஓட வேண்டும் என்று குறித்திருந்தது. அது ஓட்டிய கோப்பு ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் இருந்தது. வேலையை முதலில் முடக்கிவிட்டு, கோப்பைப் பிறகு நீக்கினோம். வரிசை மாறினால் வேலைக்கு ஆகாது.

குரோமில் இப்போது அதிகம் பார்க்கும் தந்திரம் வேறு. எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தால் தெரியாத ஒன்று இருக்கும், அதற்கு ரிமூவ் பொத்தானே இருக்காது. மெனுவின் அடியில், உங்கள் நிறுவனம் இந்த பிரவுசரை நிர்வகிக்கிறது என்று ஒரு வரி தெரியும். வீட்டுக் கணினிக்கு எந்த நிறுவனம்? அலுவலகங்களில் ஆயிரம் கணினிகளில் ஒரே அமைப்பைக் கட்டாயமாக்குவதற்குக் கொடுத்த வசதி அது. ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ் என்ற கிளையின் கீழ் கூகுள், அதன் கீழ் குரோம் என்று எழுதினால் போதும், இந்த எக்ஸ்டென்ஷனைக் கட்டாயம் ஏற்று, நீக்க விடாதே என்று பிரவுசர் கீழ்ப்படிந்துவிடும். முகவரிப் பட்டையில் குரோம் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் தட்டினால் என்னென்ன கட்டளைகள் இருக்கின்றன என்பது தெரியும். வீட்டுக் கணினியில் அந்தப் பக்கம் காலியாக இருப்பதே இயல்பு. சில ஆன்டிவைரஸ்கள் நல்லெண்ணத்தோடு அதில் ஏதாவது எழுதுவதும் உண்டு, ஆகவே பார்த்த உடனே பதறத் தேவையில்லை.

எல்லாவற்றையும் நீக்கி, குரோமையே அன்இன்ஸ்டால் செய்து மறுபடி ஏற்றிய பிறகும் அதே எக்ஸ்டென்ஷன் வந்து உட்கார்ந்தால் ரெஜிஸ்ட்ரியைத் தோண்ட வேண்டாம். கூகுள் கணக்கின் சிங்க் அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்து, நீங்கள் லாகின் செய்தவுடன் திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் நுழைந்திருக்கும் மற்ற கணினிகளிலும் அதை எடுத்துவிட வேண்டும்.

மூலையில் வந்து, உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் என்று மிரட்டும் சிறு பெட்டிகள் பெரும்பாலும் ஸ்பைவேரே அல்ல. திருட்டுப் படத் தளம் ஒன்றில், நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோவ் என்பதை அழுத்துங்கள் என்று கேட்டிருப்பார்கள், அழுத்தியிருப்போம். அது அறிவிப்பு அனுப்பும் அனுமதி. சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் முடிந்தது கதை. அந்தப் பெட்டியைச் சொடுக்கி, அது சொல்லும் கிளீனரைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வியாபாரத்துக்கு வயது அதிகம். வின்ஃபிக்சர் போன்ற போலிக் கருவிகளைப் பயமுறுத்தி விற்ற கூட்டத்தின் மேல் எஃப்டிசி 2008இல் வழக்குப் போட்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஏமாந்திருந்தார்கள். 2012இல் நீதிமன்றம் 16.3 கோடி டாலர் செலுத்தச் சொன்னது.

ஹைஜாக்திஸ் 2007இல் டிரெண்ட் மைக்ரோ நிறுவனத்துக்குக் கைமாறி, பிறகு ஓய்ந்துபோனது. அந்த இடத்தில் இன்று நிற்பது ஆட்டோரன்ஸ். மார்க் ரஸ்ஸினோவிச் என்ற நிரலாளர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியது, மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. திறந்தவுடன் நூற்றுக்கணக்கான வரிகள் கொட்டும், மிரள வேண்டாம். ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வரிகளை மறைக்கச் சொன்னால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் இளஞ்சிவப்பு வரி என்றால் வெளியிட்டவர் யார் என்ற கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை என்று பொருள். மஞ்சள் என்றால் வாசல் இருக்கிறது, அது காட்டும் கோப்பு இல்லை. இளஞ்சிவப்பு எல்லாமே கெட்டது அல்ல. நம் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் சில கையொப்பம் இல்லாதவை, அவையும் அந்த நிறத்தில் வரலாம். சந்தேகமான வரியை வைரஸ்டோட்டல் தளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உள்ளேயே உண்டு. டெலிட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுத்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஏதாவது கெட்டால் டிக்கை மறுபடி போட்டுக்கொள்ளலாம். எடுத்த டிக் தானாக மறுபடி விழுந்திருந்தால், அதைப் போட்டவன் வேறொரு வாசலில் இன்னும் விழித்திருக்கிறான் என்று புரிந்துகொள்ளலாம். வைரஸ்டோட்டலில் ஒப்பிட்டு முடித்த பிறகு, டிக் எடுக்கும் வேலையை இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்வது நல்லது.

முகப்புப் பக்கத்தைக் கடத்துவது எரிச்சல், அவ்வளவே. கடவுச்சொல் திருடிகள் வேறு சாதி. அவை தங்கியிருந்து தொல்லை கொடுப்பதில்லை. கிராக் செய்த மென்பொருளோடு வந்து, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் சுருட்டி அனுப்பிவிட்டுப் போய்விடும். லும்மா என்ற அப்படியொரு திருடியை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் 3,94,000 கணினிகள் அதற்கு ஆட்பட்டிருந்ததாகச் சொன்னது. குக்கீ போனால் கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலே உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழையலாம், ஏனென்றால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் என்பதற்கான அத்தாட்சியே அந்தக் குக்கீதான். இப்படிப்பட்டதைக் கண்டுபிடித்தால் கணினியைத் துடைப்பது இரண்டாவது வேலை. முதலில் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து, கைபேசியானாலும் சரி, மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை. பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் சேர்ந்து போகும். பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுவதில் நேரம் கடத்தக் கூடாது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட கணினியில் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதை விட விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுவது உத்தமம் என்பது என் கருத்து. ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் திரும்பி வரும் எதற்கும் அதே வைத்தியம்தான். அமைப்புகளில் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது, எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள், கோப்புகளை வைத்துக்கொள் என்பது அரைகுறை. அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டில் எடுத்துக்கொள்ளலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேர்த்து வைத்திருக்கும் இன்ஸ்டாலர்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கிராக் அதற்குள்தான் இருக்கும். புது விண்டோஸ் வந்ததும் பிரவுசரில் சிங்க்கைப் போடுவதற்கு முன் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, டிஎன்எஸ் என்ற இடத்தில் இருக்கும் எண்களை இணைய நிறுவனத்தாரிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிவிடலாம்.